எந்த பிராண்டுங்ணா வாங்கலாம்? ஒரு பழைய கெப்பாசிட்டர் கேஸும் கோபியில வாங்குன ஏழு மெஷினும்

"அண்ணா, ஆபீஸுக்கு ஆறு கம்ப்யூட்டர் எடுக்கோணும், எந்த கம்பெனி நல்லாருக்குங்ணா?"

2024 பொங்கல் முடிஞ்ச வாரம் சித்தப்பா பையன் போன் பண்ணி கேட்டது. கோபிச்செட்டிபாளையத்துல ஆடிட்டர் அவன், ஒரு பெரிய ஆபீஸ்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு அப்பத்தான் தனியா போர்டு மாட்டியிருந்தான். நான் ஈரோட்டுல இருபது வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன், கல்யாண வீட்டு பந்தியில உக்காந்தாக்கூட பக்கத்து இலைக்காரர் இதே கேள்வியத்தான் கேப்பாரு, ரசத்துக்கும் மோருக்கும் நடுவுல ஒரு பேரைச் சொல்லி முடிச்சிடணும்னு எதிர்பார்ப்பாங்க, நானும் பல வருஷம் ஏதோ ஒரு பேரைச் சொல்லிட்டுத்தான் இருந்தேன். தம்பிக்கு அப்படிச் சொல்ல மனசு வரல. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய அன்னிக்கு மெஷின் படுத்துச்சுன்னா திட்டு வாங்கப்போறது அவன், அவன்கிட்ட வாங்கப்போறது நான்.

அதனால அவனுக்கு நேரா பதில் சொல்லாம ஒரு பழைய கேஸைச் சொன்னேன். இங்க எழுதுறதும் அதேதான், கொஞ்சம் நிதானமா.

கேஸ் அமெரிக்காவுல நடந்தது. 2003ல இருந்து 2005 வரைக்கும் உலகத்துலயே அதிக கம்ப்யூட்டர் வித்த கம்பெனி டெல். சும்மா விக்கிறதுல மட்டும் இல்ல, போன் பண்ணா ஆள் வருவான், பார்ட் வரும், அப்படின்னு சர்வீஸுக்கே பேர் வாங்குன கம்பெனி. அவங்களோட ஆபீஸ் லைன் பேர் ஆப்டிபிளெக்ஸ். பேங்க், யுனிவர்சிட்டி, ஆஸ்பத்திரி, அரசாங்க ஆபீஸ் எல்லா இடத்துலயும் அந்த கருப்பு டப்பாதான். அந்தக் காலத்துல யாராவது என்கிட்ட "கண்ணை மூடிக்கிட்டு எதை வாங்கலாம்"னு கேட்டிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இதை மறைக்காம ஒத்துக்கறேன்.

அதுல ஜிஎக்ஸ்270ன்னு ஒரு மாடல், அதுக்கப்புறம் ஜிஎக்ஸ்280. ஆபீஸ்ல வெச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடினதும் ஒண்ணொண்ணா சாக ஆரம்பிச்சுது. காரணம் மதர்போர்டுல, அதாவது எல்லா பார்ட்டும் உக்காந்திருக்கிற மெயின் பலகையில, பிராசசர் பக்கத்துல வரிசையா நிக்குமே சின்ன சின்ன டின் மாதிரி, அந்த கெப்பாசிட்டர்.

இது என்ன வேலை செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு. எஸ்எம்பிஎஸ்ங்கற பவர் சப்ளை டப்பாவுல இருந்து 12 வோல்ட் வருது, பிராசசருக்கு வேண்டியது ஒண்ணரை வோல்ட் சுமாருக்குத்தான். அதைக் குறைக்கிற சர்க்யூட் கரண்டை விட்டு விட்டு தள்ளும், மோட்டார் தண்ணியை குபுக் குபுக்னு தொட்டியில ஏத்துற மாதிரி. குழாயைத் திறந்தா சீரா வரணும்னா நடுவுல தொட்டி வேணும் இல்லையா, அந்தத் தொட்டிதான் கெப்பாசிட்டர். உள்ள அலுமினியத் தகடும் ஒரு திரவமும் இருக்கும். அது கெட்டுப்போனா உள்ள வாயு உருவாகி மேல்மூடி உப்பும், வெடிச்சு ஊத்திடாம இருக்கத்தான் மூடியில கூட்டல் குறி மாதிரியோ வேற மாதிரியோ கீறல் போட்டிருப்பான், அந்தக் கீறல் பிளந்து பழுப்பா பிசின் மாதிரி கசியும். தொட்டி ஓட்டையானா குழாயில தண்ணி எப்படி வரும், அப்படித்தான் பிராசசருக்கு கரண்ட் போகும்.

நான் இதை முதல்ல பார்த்தது டெல் மெஷின்ல இல்ல. 2004ல நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு பிரவுசிங் சென்டர் போட்டோம், பன்னெண்டு மெஷின், எல்லாம் அசெம்பிள் பண்ணது, ஒரே கடையில ஒரே நாள்ல எடுத்தது, போர்டு கம்பெனி பேர் வேண்டாம். 2006 மழைக்காலத்துல ஒரு மெஷின் காலையில ஆன் ஆகல. சுவிட்சை நாலு தடவை தட்டினா ஆன் ஆச்சு, ஆனதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஓடிச்சு. சரி ஈரப்பதம்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் இன்னொண்ணு. பசங்க கேம் ஆடிட்டு இருக்கும்போதே திடீர்னு ரீஸ்டார்ட் ஆகும், ராமை மாத்தினேன், எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தினேன், விண்டோஸ் திருப்பிப் போட்டேன், வைரஸ்னு ரெண்டு நாள் அலைஞ்சேன். கடைசியில ஒரு ராத்திரி ஷட்டரை இறக்கிட்டு கேபினெட்டை படுக்கப்போட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா, பிராசசர் ஓரமா இருந்த ஆறு கெப்பாசிட்டர்ல நாலு தலை வீங்கி நிக்குது, ஒண்ணு வாயைத் திறந்து போர்டு மேல காஞ்ச பதநீர் மாதிரி ஒழுகி இருக்குது. விரலால மூடியைத் தடவினா மேடு தட்டுப்படும், நல்ல கெப்பாசிட்டர் மூடி காசு மாதிரி சமமா இருக்கும். மீதி பதினோரு கேபினெட்டையும் அன்னிக்கு ராத்திரியே திறந்தேன், முதலாவதோட சேர்த்து மொத்தம் எட்டுல உப்பி இருந்தது, இன்னும் சாகாதது கூட சாகத் தயாரா நின்னுட்டு இருந்தது. ஒரே நாள்ல பொறந்த போர்டு, ஒரே சீசன்ல போகுது. வாரண்டி முடிஞ்சு போச்சு, கடைக்காரர் "வோல்டேஜ் பிரச்சினைங்க, ஸ்டெபிலைசர் போடலையா"ன்னு கேட்டாரு. கெப்பாசிட்டரை மாத்தி ஆறு போர்டை பொழைக்க வெச்சேன், ரெண்டு போச்சு.

அந்த "வோல்டேஜ் பிரச்சினைங்க"ங்கற பதிலை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

அந்த சமயத்துல தொழில்ல எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு உண்டு. ஜப்பான் கம்பெனியில இருந்து ஒரு ஆள் வெளிய வந்து சீனாவுல இன்னொரு கம்பெனியில சேர்ந்தாரு, அங்க இருந்து திரவத்தோட ஃபார்முலாவை தைவான் ஆளுங்க எடுத்துட்டுப் போனாங்க, ஆனா முழுசா எடுக்கல, அலுமினியமும் தண்ணியும் சேர்ந்து ஹைட்ரஜன் உண்டாகாம தடுக்கிற சேர்மானம் விட்டுப்போச்சு, அதனாலதான் உலகம் பூரா போர்டு உப்புச்சு, அப்படின்னு. 2002, 2003 வாக்குல தொழில் பத்திரிகைகள்லயே வந்த கதைதான். அதுல இருந்து நாங்க எல்லாரும் கத்துக்கிட்ட பாடம்: தைவான் கெப்பாசிட்டர்னா மோசம், ஜப்பான்னா நல்லது. ரொம்ப வருஷம் கஸ்டமருக்கு இதையே ஓதிட்டு இருந்தேன்.

ஆனா டெல் ஜிஎக்ஸ்270 போர்டுல உப்புனது எது தெரியுமா, நிச்சிகான். ஜப்பான் கம்பெனி, அதுவும் நல்ல பேர் இருக்கிற கம்பெனி. நம்பகமான பிராண்டோட ஆபீஸ் லைன்ல, நம்பகமான பிராண்டோட பார்ட்டைப் போட்டு, அதுதான் ஊத்திக்கிச்சு. "நல்ல கம்பெனியா பார்த்து வாங்குடா"ங்கற அறிவுரை மொத்தமா காலை வாரின இடம் இது. டெல் மட்டும் இல்ல, ஆப்பிளோட ஐமேக் ஜி5லயும் கெப்பாசிட்டர் உப்புன பிரச்சினை வந்துது, எச்பி மெஷின்கள்லயும் வந்துது.

சரி, பார்ட் ஃபெயில் ஆகுறது யாருக்கும் நடக்கும். இந்தக் கேஸ் பெருசானது அதுக்கு அப்புறம் நடந்ததால.

வட கரோலினா மாநிலத்துல ஃபாயெட்வில்ன்னு ஊரு, அங்க ஏஐடின்னு சுருக்கமா சொல்ற அட்வான்ஸ்டு இன்டர்நெட் டெக்னாலஜீஸ், வெப் ஹோஸ்டிங் பண்ற கம்பெனி. சுமார் 2000 ஆப்டிபிளெக்ஸ் வாங்கினாங்க. வரிசையா போக ஆரம்பிச்சதும் டெல்லைக் கூப்பிட்டாங்க. வந்து பார்த்துட்டு டெல் தரப்பு சொன்னது என்னன்னா, நீங்க மெஷினை நெருக்கமா சூடான இடத்துல வெச்சு ரொம்ப ஓட்டிட்டீங்க. நம்ம ஊரு "ஸ்டெபிலைசர் போடலையா" அங்க போய் வேற டிரஸ் போட்டுட்டு நிக்குது, அவ்வளவுதான்.

இதைவிட ஒண்ணு இருக்கு. ஆஸ்டின்ல இருக்கிற டெக்சாஸ் யுனிவர்சிட்டி கணிதத் துறையிலயும் இதே மெஷின்கள் போச்சு. அவங்களுக்குக் கிடைச்ச விளக்கம்: கஷ்டமான கணக்கா போட்டு மெஷினைச் சிரமப்படுத்திட்டீங்க. கணக்கு டிபார்ட்மெண்ட் கம்ப்யூட்டர்ல கணக்கு போடாம கோலமா போடுவாங்க? இதுல வேடிக்கை என்னன்னா மைக்கேல் டெல் 1984ல கம்பெனியை ஆரம்பிச்சதே அதே யுனிவர்சிட்டி ஹாஸ்டல் ரூம்ல இருந்துதான்.

ஏஐடி 2007ல கேஸ் போட்டாங்க. 2010 ஜூன்ல கோர்ட்டு பேப்பரெல்லாம் வெளிய வந்துது, நியூயார்க் டைம்ஸ் அதை எழுதினப்புறம்தான் முழு விஷயமும் ஜனங்களுக்குத் தெரிஞ்சது. 2003 மே மாசத்துல இருந்து 2005 ஜூலை வரைக்கும் இந்த ஆபத்து இருந்த மெஷின் குறைஞ்சது 1 கோடியே 18 லட்சம் வித்திருக்காங்க. கெட்ட கெப்பாசிட்டர் இருக்கிற ஆப்டிபிளெக்ஸ் மூணு வருஷத்துல 97 சதவீதம் வரைக்கும் பிரச்சினை பண்ணலாம்னு கம்பெனிக்குள்ளயே ஒரு கணக்கு இருந்ததா அந்தக் கேஸ்ல சொல்லப்பட்டுது. விக்கிற ஆளுங்களுக்குப் போன தகவல், கஸ்டமர் கேக்காம நீங்களா இந்தப் பேச்சை எடுக்காதீங்க, போர்டு கெட்டதுங்கற மாதிரி வார்த்தையே வரக்கூடாது. சில இடத்துல மாத்திக் கொடுத்த போர்டுலயும் அதே ரக கெப்பாசிட்டர். உச்சகட்டமா, கோர்ட்ல டெல்லுக்காக வாதாடின வக்கீல் ஆபீஸ்லயே சந்தேகப்படுற மெஷின் ஆயிரம் கிடந்துது, அதைச் சரி பண்ணித்தரவும் டெல் இழுத்தடிச்சதுன்னு ஈமெயில்ல இருக்கு.

டெல் சும்மாவும் இருக்கலைங்கறதையும் சொல்லணும். அந்த போர்டுகளுக்கு வாரண்டியை 2008 ஜனவரி வரைக்கும் நீட்டினாங்க, 2005ல 30 கோடி டாலர் இதுக்குன்னு செலவு எழுதினாங்க. பணம் செலவு பண்ணியிருக்காங்க. ஆனா எல்லாரையும் கூப்பிட்டு "இந்த மாடல் போர்டுல தப்பு இருக்கு, கொண்டாங்க"ன்னு சொல்லல, சத்தம் போட்டவனுக்குக் கிடைச்சது, சத்தம் போடாதவன் தன் தலைவிதின்னு இருந்துட்டான்.

இதே டெல் 2006 ஆகஸ்ட்ல என்ன பண்ணாங்கன்னு பாருங்க. லேப்டாப் பேட்டரி தீப்பிடிக்கிறதுன்னு 41 லட்சம் பேட்டரியை வெளிப்படையா திரும்பக் கூப்பிட்டாங்க. பேட்டரிக்குள்ள இருந்த செல் சோனி செஞ்சது, செல்லுக்குள்ள பொடி உலோகத்துகள் கலந்து ஷார்ட் ஆகியிருக்கு. பத்து நாள்ல ஆப்பிள் 18 லட்சம் பேட்டரியைக் கூப்பிட்டாங்க, அடுத்த மாசம் லெனோவோவும் ஐபிஎம்மும் சேர்ந்து 5 லட்சத்து 26 ஆயிரம். மூணு பேரோட விளம்பரமும் வேற வேற மாதிரி, மூணு பேரோட லேப்டாப்புக்குள்ளயும் ஒரே ஃபேக்டரி செல். தீப்பிடிச்சா அரசாங்கம் கேக்கும், ஆஃபீஸ் மெஷின் ஆன் ஆகலைன்னா யாரு கேக்கப்போறா, ஒரே கம்பெனி ரெண்டு மாதிரி நடந்ததுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன், தப்பா இருந்தாலும் இருக்கலாம்.

தம்பி இதைக் கேட்டுட்டு சொன்னான், "அப்ப டெல் வேண்டாங்கறீங்களாண்ணா?"

இல்லடா. நான் சொல்ல வந்ததே அது இல்ல. டெல் பேரை எடுத்துட்டு வேற பேரைப் போட்டாலும் கதை வரும். 2015 பிப்ரவரியில லெனோவோ மாட்டுச்சு, புது லேப்டாப்லயே சூப்பர்ஃபிஷ்னு ஒரு விளம்பர சாஃப்ட்வேரை ஏத்தி வித்தாங்க, அது பேங்க் வெப்சைட் உட்பட எல்லா பாதுகாப்பான இணைப்புக்கும் நடுவுல புகுந்து உக்காந்துக்கும், அதுக்கான சாவி எல்லா லேப்டாப்லயும் ஒண்ணே, பாஸ்வேர்டை ஒரு ஆளு சீக்கிரமே உடைச்சுக் காட்டிட்டாரு. ஆனா அது போனது வீட்டுக்கு வாங்குற மாடல்கள்லதான், அதே லெனோவோவோட திங்க்பேட்ல அது இல்ல. ஒரே கம்பெனி, ஒரே வருஷம். பில்லுல இருக்கிற பேரை மட்டும் பார்த்தா ரெண்டு பேரும் லெனோவோ வாங்கினவங்கதான். ஆப்பிள் 2015ல ஒரு பட்டர்ஃபிளை கீபோர்டு கொண்டுவந்து, தூசி ஒண்ணு உள்ள போனா எழுத்து ரெண்டு தடவை விழும், இல்ல விழவே விழாது, 2018ல இலவசமா சரி பண்ணித் தர்றோம்னு தனித் திட்டமே அறிவிக்க வேண்டியதாச்சு.

"சர்வே இருக்குமேங்ணா"ன்னான். இருக்கு. 2009ல ஸ்கொயர்டிரேட்ன்னு வாரண்டி விக்கிற கம்பெனி 30,000 லேப்டாப்பை வெச்சு கணக்கு சொன்னாங்க, மூணு வருஷத்துல தானாவே கெட்டுப்போறது ஆசுஸ் 15.6 சதவீதம், தோஷிபா 15.7, ஆப்பிள் 17.4, டெல் 18.3, லெனோவோ 21.5, ஏசர் 23.3, எச்பி 25.6. எல்லாரும் முதல் ரெண்டு பேரைத்தான் பார்ப்பாங்க, எனக்குக் கண்ணுல பட்டது வேற. ரொம்ப நல்ல கம்பெனியிலயே ஆறு ஏழுல ஒண்ணு போகுது, கடைசிக் கம்பெனியில நாலுல ஒண்ணு. ஆபீஸ்ல ஆறு மெஷின் வெச்சா எந்த பேரை வாங்குனாலும் ஒண்ணு போகும்னு வெச்சுக்கிட்டுத்தான் திட்டம் போடணும். அப்புறம் அந்த லிஸ்ட்ல ரெண்டாவதா இருந்த தோஷிபா கம்ப்யூட்டர் வியாபாரத்தையே 2018ல ஷார்ப்புக்கு வித்துட்டு 2020ல முழுசா வெளிய போயிட்டாங்க. சோனி வயோ 2014லயே கை மாறிடுச்சு. நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு இருந்த எச்சிஎல்லும் விப்ரோவும் 2013ல கம்ப்யூட்டர் செய்யறதை நிறுத்திட்டாங்க. நல்ல மெஷின் வாங்கிட்டு பார்ட் கிடைக்காம நின்னவங்க என் கடைக்கு எத்தனை பேரு வந்திருக்காங்க.

இன்னொண்ணு, லேப்டாப்ல பெரும்பாலானதை செய்யறது குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக் மாதிரி தைவான் கம்பெனிங்கதான். ஒரே கம்பெனி ரெண்டு போட்டி பிராண்டுக்கும் செஞ்சு குடுக்கும். அதனால "அந்த பிராண்ட் மெட்டீரியல் ஸ்ட்ராங்குங்க"ன்னு யாராவது சொன்னா நான் சிரிச்சுட்டு எந்த மாடல்னு கேப்பேன்.

இப்ப கோபிக்கு வருவோம்.

மூணு கொட்டேஷன் அனுப்பினான். முதலாவது ஒரு பெரிய பிராண்டோட வீட்டு உபயோக டெஸ்க்டாப், பார்க்க பளபளன்னு, 38,000 சுமாருக்கு, ஒரு வருஷம் வாரண்டி, அதுவும் நாமதான் தூக்கிட்டுப் போகணும். ரெண்டாவது இன்னொரு பிராண்டோட ஆபீஸ் லைன் சின்ன டப்பா, 46,000 பக்கம், மூணு வருஷம் ஆன்சைட், அதாவது கம்பெனி ஆளே நம்ம இடத்துக்கு வந்து சரி பண்ற வாரண்டி. மூணாவது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரி பண்ணி விக்கிறது, 17,000, ஆறு மாசம் கடை வாரண்டி. தம்பிக்கு முதலாவது மேல கண்ணு. அந்த பிராண்ட் பேருதான் காரணம், மாமனார் வீட்ல அதுதான் இருக்காம்.

நான் அவனை ஒரு வேலை செய்யச் சொன்னேன். வாங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு கம்பெனி கஸ்டமர் கேருக்கும் போன் போடு, கோபி பின்கோடைச் சொல்லு, மதர்போர்டு போனா யாரு வருவா, எங்க இருந்து வருவா, எத்தனை நாள்ல வருவான்னு கேளு. முதல் கம்பெனியில இருபது நிமிஷம் பாட்டு கேட்டுட்டு கடைசியில "உங்க பக்கத்து சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூர்ங்க சார், கொண்டுவந்து குடுக்கணும்". ரெண்டாவது கம்பெனியில "அடுத்த வேலை நாள்னு பேப்பர்ல இருக்கும், ஆனா உங்க பின்கோடுக்கு ரெண்டு மூணு வேலை நாள் ஆகும், ஈரோட்டுல இருந்து இன்ஜினியர் வருவாரு". இந்த ரெண்டாவது பதில் எனக்குப் பிடிச்சுது. பேப்பர்ல இருக்கிறதும் நடக்கப்போறதும் வேறன்னு விக்கிறதுக்கு முன்னாடியே சொல்றான் பாருங்க. டீலர்கிட்ட அதையே மெயில்ல எழுதி வாங்கினோம்.

ரீஃபர்பிஷ்டு பத்தி ஒரு வார்த்தை. நான் அதுக்கு எதிரி இல்ல, பெரிய ஐடி கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டுத் தள்ளுற ஆபீஸ் லைன் மெஷின் இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும், கீபோர்டும் கீலும் புது வீட்டு லேப்டாப்பைவிட உறுதியா இருக்கும். ஆனா பிராசசர் தலைமுறையைப் பார்க்கணும், இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்குக் கீழ இருந்தா விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடியும்னு மைக்ரோசாஃப்ட் அப்பவே சொல்லியிருந்தாங்க. அவனுக்கு வந்த கொட்டேஷன் ஆறாவது தலைமுறை. கஸ்டமரோட வருமானக் கணக்கை வெச்சிருக்கிற ஆபீஸுக்கு அது வேண்டாம்னு அங்கயே கழிச்சாச்சு.

ரெண்டாவதுதான் எடுத்தோம். எந்த பிராண்டுன்னு இங்க எழுதல, எழுதுனா இவ்வளவையும் படிச்சுட்டு அந்தப் பேரை மட்டும் குறிச்சுட்டுப் போய் அதே கம்பெனியோட 38,000 ரூபா வீட்டு மாடலை வாங்கிட்டு வருவீங்க, அனுபவத்துல சொல்றேன். 8,000 ரூபா அதிகம்னு அவங்க வீட்டம்மா கேட்டாங்க, ஆடிட்டரே கணக்கு சொன்னாரு, கம்ப்யூட்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, தொழிலுக்கு வாங்கறதால அது கிரெடிட்ல திரும்பிடும், தேய்மானமும் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் கிடைக்குது, அப்புறம் மூணு வருஷ வாரண்டியைத் தனியா வாங்குனா என்ன ஆகும்னு. வீட்டுக்கு வாங்குறவங்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது, அவங்க கைக்காசு முழுசா போகுது.

ஆறு கேட்டவனை ஏழு வாங்க வெச்சேன். ஏழாவது சும்மா இருக்கட்டும், கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டிரைவர், பிரிண்டர் எல்லாம் ஏத்தி டப்பாவுல வெச்சிடு, ஒண்ணு படுத்தா அரை மணி நேரத்துல அந்த டேபிள்ல இதை வைக்கணும். முதல்ல முனகினான், 46,000 ரூபாயை அலமாரி மேல வைக்கிறதான்னு. பிரவுசிங் சென்டர் ராத்திரியைச் சொன்னேன். அதோட ஏழும் ஒரே லாட்ல எடுக்காத, நாலு இப்ப எடு, மூணு ரெண்டு மாசம் கழிச்சு எடுன்னேன். மாடல் ஒண்ணா இருந்தா நல்லது, பார்ட் மாத்தி மாட்டலாம், ஆனா எல்லாம் ஒரே வாரத்துல பொறந்ததா இருக்க வேண்டாம். டீலருக்குக் கொஞ்சம் வருத்தம்.

டப்பா வந்த அன்னிக்கு நானும் போயிருந்தேன். முதல் வேலை, பின்னாடி ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரை கம்பெனி வெப்சைட்ல போட்டு வாரண்டி பார்த்தது. நாலுல ஒண்ணுக்கு வாரண்டி ஏற்கனவே அஞ்சு மாசம் ஓடியிருந்துச்சு, டீலர் குடோன்ல கிடந்த சரக்கு. இன்னொண்ணுக்கு மூணு வருஷத்துக்குப் பதிலா ஒரு வருஷம்னு காட்டுச்சு. பில் காப்பியை அனுப்பித் திருத்தச் சொன்னோம், பத்து நாள் ஆச்சு. மெஷின் கெட்டதுக்கு அப்புறம் இதைப் பார்த்திருந்தா யாரு காதுலயும் ஏறியிருக்காது. தயவுசெஞ்சு பில் போட்ட வாரமே பாருங்க.

ரெண்டாவது வேலை எலக்ட்ரீஷியனுக்கு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வெச்சா 11 வோல்ட் காட்டுது, ரெண்டு மூணுக்குள்ள இருக்கணும். பழைய கட்டடம், எர்த்துக் குழியில தண்ணி ஊத்தி எத்தனை வருஷம் ஆச்சோ. புதுசா எர்த் போட்டு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வெச்சதுக்கப்புறம்தான் மெஷினை ஆன் பண்ண விட்டேன். கம்பெனிக்காரன் "வோல்டேஜ் பிரச்சினை"ன்னு சொன்னா எதிர்த்துப் பேச நம்ம பக்கம் சுத்தமா இருக்கணும் இல்லையா. நம்ம ஊர்ல பாதி மெஷினைக் கொல்றது பிராண்ட் இல்லைங்க. ஈரோட்டுல மஞ்சள் மண்டி ஆபீஸ் ஒண்ணுல கேபினெட்டைத் திறந்தா பிராசசர் சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க் தகடு நடுவுல மஞ்சள் தூள் களிம்பு மாதிரி அப்பியிருக்கும், ஃபேன் சுத்தவே இடம் இல்ல, ஊதுனா கடையே மங்களகரமா ஆயிடும். தறிப்பட்டறைப் பக்கம் பஞ்சு. எஸ்எம்பிஎஸ்க்குள்ள பல்லி வெந்து கிடக்கிறதை மாசத்துக்கு ஒண்ணாவது பார்ப்பேன். இதுக்கெல்லாம் எந்த கம்பெனி வாரண்டி குடுக்கும்.

வீட்டுக்கு வாங்குறவங்க சண்டைக்கு வராதீங்க, உங்களுக்கும் சொல்லிடறேன். என் தங்கச்சி பொண்ணு காலேஜ் சேர்ந்தப்ப வீட்டு லைன் லேப்டாப்தான் வாங்கிக் குடுத்தேன், எடை குறைவு, விலை குறைவு, அவளுக்கு அது போதும். பார்த்தது மூணு விஷயம். மூடியைப் பாதியில நிறுத்தி ஒரு மூலையைப் பிடிச்சு மெல்ல ஆட்டினா கீல் பக்கம் பிளாஸ்டிக் முனகுதா, ஏன்னா வீட்டு லேப்டாப்ல அதிகமா என் மேஜைக்கு வர்றது கீல் பிச்சுக்கிட்டு வர்ற கேஸ்தான். ராமை அப்புறமா கூட்ட முடியுமா, இல்ல போர்டுலயே ஒட்டிட்டானா. பேட்டரியும் கீபோர்டும் ரெண்டு வருஷம் கழிச்சு ஒரிஜினலா கிடைக்குமான்னு அந்த ஊர் சர்வீஸ் சென்டர்ல கேட்டது. ராணுவத் தரம்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அதைப் பார்த்து மயங்காதீங்க, அந்த டெஸ்ட்டுல எதெதைப் பண்றதுன்னு தேர்ந்தெடுக்கிறது கம்பெனியேதான்.

பிரச்சினை வந்து கம்பெனி கையை விரிச்சா நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே மனு போடலாம், கம்பெனி தலைமை ஆபீஸ் பெங்களூர்ல இருக்குன்னு அங்க ஓட வேண்டாம். ஆனா வியாபாரத்துக்கு வாங்குனதுன்னா அந்தக் கதவு பெரும்பாலும் மூடிடும், சொந்தமா தொழில் செஞ்சு பொழைக்கிறவருக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கு. அதனால ஆபீஸுக்கு வாங்குறவங்களுக்கு அந்த டீலர் மெயிலும் வாரண்டிப் பேப்பரும்தான் ஆயுதம், ஏஐடி மாதிரி மூணு வருஷம் கேஸ் நடத்த நமக்கு எங்க தெம்பு.

இதுவரைக்கும் நடந்தது. 2024 செப்டம்பர் 18, ஆடிட் ரிப்போர்ட் சீசன் உச்சத்துல, முதல் லாட்ல வந்த ஒண்ணு செத்துச்சு. ஆமா, நான் பார்த்துப் பார்த்து தேர்ந்தெடுத்த அதே ஆபீஸ் லைன். பவர் பட்டன்ல லைட்டு எரியுது, திரையில ஒண்ணும் வரல. தம்பி எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே அலமாரி மேல இருந்த ஏழாவதை இறக்கி மாட்டிட்டான், டேட்டாவெல்லாம் சர்வர் டப்பாவுல இருந்ததால ஜூனியர் பொண்ணு டீ குடிச்சுட்டு வந்து உக்காந்து வேலையைத் தொடர்ந்திருக்கு. கம்பெனிக்கு கம்ப்ளெயிண்ட் போட்டதுல முதல் கேள்வி, "சார் யுபிஎஸ் இருக்குங்களா, எர்த் பார்த்தீங்களா?" மீட்டர் ரீடிங் போட்டோவை அனுப்பினான். மூணாவது வேலை நாள் மதியம் ஈரோட்டுல இருந்து ஒரு பையன் பைக்ல போர்டைக் கட்டிக்கிட்டு வந்து நாப்பது நிமிஷத்துல மாத்திட்டுப் போனான். பழைய போர்டை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நான் சொல்லி வெச்சபடி தம்பி அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான், பெருசாக்கிப் பார்த்தேன். கெப்பாசிட்டர் எல்லாம் இப்ப திரவம் இல்லாத ரகம், மூடி எல்லாமே சமமாத்தான் இருந்துது.